ஆண் வாரிசு உண்டா? சேரியின் முதுமையும் அரசாங்கத்தின் கணக்கும்

சேரியில் இருக்கிற ஒரு கிழவிக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற பணத்துக்குக் காகிதத்தில் 'ஆதரவற்ற முதியோர் ஓய்வூதியம்' என்று பெயர். தாலுகா ஆபீசில் 'ஓ.ஏ.பி.' என்பார்கள். எங்கள் கீழத்தஞ்சைப் பக்கம் முதியோர் பணம் என்றால்தான் தெரியும். காகிதத்துப் பெயரைத்தான் நாம் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓய்வூதியம் என்றால் ஓய்வுக்கு உரிய ஊதியம். குனிய முடிகிறவரை நாற்று நட்டுவிட்டு, குனிய முடியாமல் போன பிறகு களத்தில் சிந்தின நெல்லைக் கூட்டி அள்ளுகிறவளுக்கு எதிலிருந்து ஓய்வு? 'ஆதரவற்ற' என்பது அதைவிட மோசம். பணம் வேண்டுமானால் தனக்கு யாரும் இல்லை என்று அவள் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளை இருக்க, கஞ்சி ஊற்றுகிற மருமகள் இருக்க, வெளிக்குப் போகக் கைபிடித்துக் கூட்டிப்போகிற பக்கத்து வீட்டுக்காரி இருக்க, இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் பொய். சொல்லாவிட்டால் பணம் இல்லை.

தலித் வரலாறு எழுதுகிற நாம் நிலத்தைப் பற்றி எழுதியிருக்கிறோம். கூலி, கோயில் நுழைவு, பொதுக்கிணறு, தேர்தல், கலவரம் எல்லாம் எழுதியாகிவிட்டது. சேரியில் வயதானவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள், அதற்காக எத்தனை நாள் கூலி போயிற்று, அந்தக் கூலியை யார் ஈடுகட்டினார்கள் என்று எழுதவில்லை. அது பெண்கள் செய்த வேலை. எழுதப்படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கதையை 1962இல் தொடங்குவது வழக்கம். நான் தாது வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய அந்தப் பஞ்சத்தில் நிவாரணம் என்பது பெரும்பாலும் வேலையாகத்தான் கிடைத்தது. ரோடு போடு, கல் உடை, கால்வாய் வெட்டு, கூலி வாங்கிக்கொள். 1877இல் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், அந்தக் கூலியையும் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், மேற்கொண்டு கொஞ்சம் காசு என்று வெட்டினார். மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ், இந்த அளவில் உயிர் தங்காது என்று எதிர்த்து எழுதினார். கல் உடைக்கிறவனுக்கே இதுதான் என்றால் சம்மட்டி தூக்க முடியாத கிழவனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை நாமே யூகிக்கலாம். பஞ்சத்தில் அதிகம் செத்தவர்கள் நிலமில்லாதவர்கள். நிலமில்லாதவர்களில் பெரும்பகுதி யார் என்று இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பஞ்சம் முடிந்த பிறகு கமிஷன் போட்டார்கள். 1880இல் அறிக்கை வந்தது. அதன் வழியில் 1883இல் பஞ்ச நிவாரண விதிகளுக்கு ஒரு மாதிரி எழுதி மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். வேலை வாங்காமலே யாருக்கெல்லாம் தானியம் அல்லது காசு கொடுக்கலாம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. கண் தெரியாதவர்கள், கைகால் முடமானவர்கள், சித்தம் கலங்கியவர்கள், முதுமையாலோ உடல் தளர்ச்சியாலோ சம்பாதிக்க முடியாதவர்கள். இவர்களோடு இன்னொரு வகையினரையும் சேர்த்திருந்தார்கள். நோயாளியையோ முதியவரையோ குழந்தையையோ பார்த்துக்கொள்வதற்காக வீட்டை விட்டு நகர முடியாதவர்கள். அதாவது உடம்பில் வலு இருந்தும், ஒரு கிழவியின் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும் என்பதால் வேலைக்குப் போக முடியாதவள். அவளுக்கும் சேர்த்துப் படி அளக்கச் சொன்னது அந்த விதி.

வெள்ளைக்காரனைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதே விதிகளில், வழக்கப்படி வெளியே தலைகாட்டாத மேல்சாதிப் பெண்களுக்கு வீட்டிலேயே தானியம் கொடுக்க வழி செய்திருந்தார்கள். நம் பெண்களுக்கு வெயிலில் கல் உடைக்கிற வழக்கம் இருந்ததால் அந்தச் சலுகை தேவைப்படவில்லை போலும்! கிராமத்தில் யாருக்குப் படி கொடுக்கலாம் என்று பெயர் எழுதுகிற வேலையும் ஊர் அதிகாரிகள் கையில்தான் இருந்தது. கர்ணமும் முன்சீப்பும் சேரிக்குள் வந்து எந்தக் குடிசையில் எந்தக் கிழவி கிடக்கிறாள் என்று பார்த்து எழுதியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்று காகிதத்தில் இருக்கிறது. முதியவரைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, அது ஆளைக் கட்டிப்போடுகிற வேலை என்பது 1883இல் ஒரு காலனி அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த நம்முடைய முதியோர் பென்சன் விதிகளில் இதைத் தேடினால் கிடைக்காது.

பஞ்சம் இல்லாத சாதாரண வருஷங்களில் என்ன நடந்தது? தஞ்சாவூர் ஜில்லாவின் பண்ணையாள் முறையைப் பற்றிப் பேசும்போது ஒரு பொய்யை அடிக்கடி கேட்கிறோம். "அந்தக் காலத்துல மிராசுதார் ஆளுக்காரங்களப் பிள்ளை மாதிரி வச்சிருந்தாரு. வயசானா கஞ்சி ஊத்துனாரு, செத்தா கோடி போட்டாரு." இதை ஆண்டைகளின் பேரன்கள் மட்டும் சொல்லவில்லை. பழைய ஆட்கள் சிலரே சொல்லக் கேட்டிருக்கிறேன். கஞ்சி ஊற்றியது உண்மையாகவே இருக்கட்டும். அது எந்தக் கணக்கில் ஊற்றிய கஞ்சி?

பண்ணையாள் என்றால் ஒரு ஆள் அல்ல, ஒரு குடும்பம். ஆம்பளை ஏர் கட்டினால் பொம்பளை நடவும் களையும் சாணி அள்ளுவதும். பிள்ளை மாடு மேய்க்கும். கிழவனும் அந்தக் கணக்குக்குள்தான் இருந்தான். ஏர் பிடிக்க முடியாதவனைக் களத்துக் காவலுக்குப் போட்டார்கள், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள், கன்றுக்குட்டி ஓட்டச் சொன்னார்கள். கிழவி தவிட்டைப் புடைத்தாள், விதைநெல்லைக் காயவைத்துக் காக்கை ஓட்டினாள். இதற்குக் கூலி இல்லை, கஞ்சிதான். சாகிறவரை வேலை வாங்கிவிட்டு அதற்குக் கூலி என்று பெயர் வைக்காமல் தர்மம் என்று பெயர் வைத்தார்கள். குடியிருந்த மனை ஆண்டையுடையது. மகன் முறைத்துப் பேசினால் கிழவனோடு சேர்த்துக் குடிசையைப் பிரித்துப் போட முடியும். வயதான தாய் தகப்பனை வைத்துக்கொண்டிருக்கிறவன் சங்கத்துக்குப் போக இரண்டு முறை யோசிக்க வேண்டியிருந்தது. முதுமை ஆண்டைக்கு ஒரு பிணைக்கைதி மாதிரி பயன்பட்டது.

1940களில் பி. சீனிவாசராவ் காலத்துச் செங்கொடிச் சங்கம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து நின்றது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் கூலியை நிர்ணயித்தது, இஷ்டத்துக்கு நீக்கக் கூடாது என்றது. மிராசுதார்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பண்ணையாளே வேண்டாம், தினக்கூலி போதும். பண்ணையாள் கூலியாளானான். நல்லதுதான், அடிமைச் சங்கிலி அறுந்தது. ஆனால் கூலி என்பது வேலை செய்கிற உடம்புக்கு மட்டும். அந்த உடம்பைப் பெற்ற உடம்புக்கும் அது பெற்ற உடம்புக்கும் சேர்த்துக் கூலி நிர்ணயிக்க யாரும் முன்வரவில்லை. கிழவனின் கஞ்சி ஆண்டை வீட்டுக் கணக்கிலிருந்து கழிந்து மருமகளின் அடுப்புக்கு வந்து சேர்ந்தது. விடுதலையின் இந்தச் செலவை யார் ஏற்றார்கள் என்று கேட்டால், நடவுக்குப் போன பெண்கள் ஏற்றார்கள் என்பதுதான் பதில்.

1968 டிசம்பர் 25 இரவைப் பற்றி நாம் பேசாத கூட்டம் இல்லை. கீழவெண்மணியில் 44 பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்களும், அவர்களை விட்டுவிட்டு ஓட மாட்டாதவர்களும் ஒரே குடிசைக்குள் போனார்கள். கூலிப் போராட்டத்தின் தியாகிகள் என்று அவர்களைச் சொல்கிறோம், சரிதான். ஒருவரை ஒருவர் விட்டுப்போகாதவர்கள் என்றும் சொல்ல வேண்டும். 1969இல் நியாயக்கூலிச் சட்டம் வந்தது, 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது, 1973இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. மனை கிடைத்தது பெரிய விஷயம். கிழவனை வைத்து மகனை மிரட்டுகிற வழி அதோடு பாதி அடைபட்டது.

இனி 1962க்கு வருவோம். காமராஜர் ஆட்சியில் அந்த ஆண்டு தமிழ்நாட்டில், அன்றைய பெயரில் சென்னை மாநிலத்தில், முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. உத்தரப் பிரதேசம் 1957இலேயே தொடங்கியிருந்தது. தொகை சொற்பம். எனக்கு இங்கே முக்கியம் தொகை அல்ல, யாருக்கு என்கிற விதி. சொத்து இருக்கக் கூடாது, சம்பாத்தியம் இருக்கக் கூடாது, பிச்சை எடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருக்கக் கூடாது. இருபது வயதுக்கு மேற்பட்ட மகனோ, மகன் வயிற்றுப் பேரனோ இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியை எழுதியவர்கள் மனதில் எந்தக் குடும்பம் இருந்திருக்கும்? நிலம் உள்ள குடும்பம். அப்பன் நிலத்தை மகனுக்கு விடுகிறான், மகன் அந்த நிலத்தின் விளைச்சலில் அப்பனுக்குச் சோறு போடுகிறான். வாரிசு என்ற சொல்லே சொத்தோடு பிறந்த சொல். வாரிசுக்குக் கொடுக்க ஒரு குழி நிலம்கூட இல்லாத சேரியில் மகன் எப்படி வாரிசாவான்? அவனுக்குத் தகப்பன் விட்டுப்போனது மண்வெட்டியும் கடனும். இரண்டு குறுவை பொய்த்தால் அவனே திருப்பூருக்கோ கேரளத்துக்கோ பஸ் ஏறுகிறவன். அரசாங்கம் அவனை ஒரு ஓய்வூதிய நிதியாகப் பாவித்துக் கணக்கு எழுதியது. மகள் கணக்கில் வரவில்லை, மகள் கட்டிக்கொடுத்துப் போகிறவள் என்பதால். மருமகளும் வரவில்லை. கணக்கில் வராத அந்த இரண்டு பெண்களும்தான் கிழவியின் பீ மூத்திரம் அள்ளினார்கள்.

விதியைவிடப் பெரிய தடை விசாரணை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசாங்கம் ஒழிக்கிறவரை ஊர்க் கர்ணமும் முன்சீப்பும் பெரும்பாலும் பரம்பரை பரம்பரையாக அதே குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நிலம் உள்ள சாதிக்காரர்கள், பலபேர் தாங்களே மிராசுதார்கள். பென்சன் தொடங்கி முதல் பதினெட்டு ஆண்டுகள், சேரிக் கிழவி ஏழைதான் என்று சான்று சொல்ல வேண்டியவர் அவளுடைய உழைப்பில் வாழ்ந்தவர். வயசுக்கு அத்தாட்சியும் அவர்தான் சொல்ல வேண்டும். பிறப்பைப் பதிந்து வைக்கிற வழக்கம் சேரியை எட்டாத காலம். எங்கள் பெண்களுக்கு வருஷம் தெரியாது, சம்பவம் தெரியும். "புயலடிச்ச வருசம் எனக்கு மூத்தவன் கைப்புள்ள" என்பாள் ஒருத்தி. 1952 நாகப்பட்டினம் புயலா, 1964 தனுஷ்கோடிப் புயலா என்று நாம் கேட்டுத் தெளிந்தால் வயது கிடைக்கும். கேட்க ஆபீசில் யாருக்குப் பொறுமை? முகத்தைப் பார்த்து வயசு போட்டார்கள்.

நான் ஏழாவது படித்தபோது, 1979 என்று நினைவு, எங்கள் அப்பாயிக்காக மனு எழுதினேன். அப்பா கைநாட்டு, நான்தான் வீட்டில் எழுதத் தெரிந்தவன். 'ஆண் வாரிசு இல்லை' என்று எழுதச் சொன்னது அப்பாதான். எழுதிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்தார். கர்ணம் விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்ட அன்று அப்பா வாய்க்கால் மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கர்ணம் தன் வீட்டுத் திண்ணையில், அப்பாயியும் நானும் தெருவில், வெட்டியான் கொஞ்சம் தள்ளி. "என்னடி, மவன் இல்லேன்னு எழுதியிருக்கு?" அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் அவள் முந்தானையை இழுத்தேன். "இருக்கான் சாமி. நல்லாத்தான் இருக்கான். அவன் செத்துட்டான்னு சொல்லி எனக்குச் சோறு வேண்டாம்." கர்ணம் மனுவைத் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை. அப்பாயி அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தாள், கடைசி இரண்டு வருஷம் படுக்கையில். அம்மா அந்த இரண்டு வருஷமும் தூரத்து வயல் நடவுக்குப் போகவில்லை. மத்தியானம் வந்து புரட்டிப் போட்டுவிட்டுத் திரும்புகிற தூரத்தில் வேலை கிடைத்தால் போவாள். போகாத நாட்களின் கூலியை நான் இன்றைக்கும் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பதுண்டு.

சேரி தன் கிழடுகளை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதை அம்மாவிடமிருந்தே நான் கற்றேன். அதற்குச் சில முறைகள் இருந்தன, யாரும் பெயர் வைக்காத முறைகள். நடவு காலத்தில் நாலைந்து வீட்டுக் கைப்பிள்ளைகளையும் ஒரு கிழவியிடம் விட்டுப்போவார்கள். கட்டிலை விட்டு எழ முடியாதவளாக இருந்தாலும் தூளியை ஆட்டக் கயிறு நீளமாகக் கட்டிவைப்பார்கள். சாயங்காலம் திரும்புகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவளுக்குக் கொடுப்பார்கள், குழம்போ, வெற்றிலையோ, மடியில் கட்டி வந்த நத்தையோ. கிழவி பிள்ளையைப் பார்த்தாள், பிள்ளையின் தாய் கிழவியைப் பார்த்தாள். அறுப்பில் தங்கள் கூலி நெல்லோடு, வர முடியாத கிழவிக்கென்று ஒரு படி கேட்டு வாங்கி வருகிற கைகாரிகள் இருந்தார்கள். பார்வை போன கிழவனைக் குளிக்கக் கூட்டிப்போவது பேரப்பிள்ளைகளின் முறை, முறை தவறினால் உதை.

இதைச் சொல்லிவிட்டு, சேரியே ஒரு குடும்பம் என்று நெகிழ்ந்துபோக நான் தயாராக இல்லை. பிள்ளைகளுக்குள் சண்டை வந்து தாய்க்கு ஒருவன் வீட்டிலும் தகப்பனுக்கு இன்னொருவன் வீட்டிலும் சோறு என்று பிரித்ததைப் பார்த்திருக்கிறேன். சாராயத்துக்கு அப்பனின் பென்சனைப் பிடுங்கினவன் எங்கள் தெருவிலேயே இருந்தான். கிழவியைக் கவனிக்காத பெண்ணைப் பஞ்சாயத்தில் நிறுத்திவைத்துக் கேட்டார்கள், அவள் புருஷனை யாரும் நிறுத்தவில்லை. சாதியை எதிர்த்துப் பேசுகிற நம் கூட்டங்களிலும் மாமியாருக்குக் கஞ்சி ஊற்றாத மருமகளைத்தான் கேலி செய்கிறோம். மகன் ஏன் ஊற்றக் கூடாது? பார்த்துக்கொள்வது பெண்ணின் குணம் என்று அரசாங்கம் மட்டும் நம்பவில்லை, நாமும் நம்பினோம். அதனால்தான் அரசாங்கத்துக்கு அது அவ்வளவு மலிவாக முடிந்தது.

இது வேறு மாதிரி நடந்திருக்க முடியாதா? 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற திட்டத்தில் விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், இன்சூரன்ஸ் அரசின் கையில் இருக்க வேண்டும், வயதுவந்த ஒவ்வொருவரும் தன் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு கட்டாயம் எடுக்க வேண்டும் என்று எழுதினார். அதில் யாரும் யாரிடமும் போய் நான் அனாதை என்று நிற்க வேண்டியதில்லை. உழைத்த காலத்திலேயே கணக்கு ஏறிவிடுகிறது. அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. வந்தது அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு. முதுமை, நோய், வேலையின்மையில் அரசு உதவ வேண்டும், அதுவும் தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு. கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாத நெறிமுறை அது. ஆலைத் தொழிலாளிக்கு 1952இல் பிராவிடண்ட் பண்டு சட்டம் வந்தது. வயல் தொழிலாளிக்கு வரவில்லை. ஆலைத் தொழிலாளி வயதானால் ஓய்வு பெறுகிறவன், வயல் தொழிலாளி வயதானால் ஆதரவற்றவன். இந்த வித்தியாசத்துக்குச் சாதி என்று பெயர் வைக்காமல் 'அமைப்புசாரா' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கேரளத்தில் 1980இல் விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியம் வந்தது. மாதம் 45 ரூபாய். அங்கே அது சங்கம் கேட்டு வாங்கின பணம், தொழிலாளி என்ற பெயரில் வாங்கின பணம். அடுத்த ஆண்டே, 1981இல், தமிழ்நாட்டிலும் விவசாயத் தொழிலாளர்களுக்கு ஒரு ஓய்வூதியம் வந்தது. இங்கே அதன் பெயர் 'ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்' ஓய்வூதியம். விதவைகளுக்கு 1975இல், கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு 1986இல் என்று வந்த திட்டங்களுக்கும் அதே அடைமொழி. உழைத்தவள் என்பதற்காக இல்லை, ஆளற்றவள் என்பதற்காக. 1983இலிருந்து பென்சன்காரர்களுக்குச் சத்துணவுக் கூடத்தில் மத்தியானச் சாப்பாடு, பண்டிகைக்கு வேட்டி சேலை என்றும் வந்தன. இவை பசியை ஆற்றின, மறுப்பதற்கில்லை. கூடம் ஊருக்குள் இருந்த இடங்களில் தட்டை ஏந்திக்கொண்டு ஊர்த்தெரு வழியே போக வேண்டியிருந்தது. அதற்குக் கூசிப் பட்டினி கிடந்த கிழவர்களும் உண்டு.

இன்னொரு கணக்கையும் இங்கே எழுதிவிட வேண்டும். 1990களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் சென்னைக்கு 'ஆயா வேலை'க்குப் போனார்கள். எங்கள் சின்னாயியும் போனாள். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற ஒரு வீட்டில் பக்கவாதம் வந்து படுத்த அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தூக்கி உட்கார வைக்க, துடைக்க, மலம் எடுக்க, ஊட்ட. அம்மாளின் உடம்பு முழுவதையும் அவள் தொடலாம். சமையலறைக்குள் மட்டும் போகக் கூடாது, அவளுக்குத் தனி டம்ளர். சின்னாயி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள்: "வாயில ஊட்டுற கை ஆகும்டா, அடுப்புல வைக்கிற கை ஆகாது." அவள் அங்கே இருந்த மூன்று வருஷமும் அவளைப் பெற்றவள், எங்கள் அம்மாயி, ஊரில் பத்து வயதுப் பேத்தியின் பொறுப்பில் கிடந்தாள். பேத்தி அந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். சின்னாயி அனுப்பின மணியார்டரில் அம்மாயிக்கு மருந்து வந்தது. நகரத்து மேல்சாதி முதுமைக்கான வேலையாளைச் சேரி அனுப்பியது. அதற்கான விலையைச் சேரியின் கிழவியும் ஒரு சிறுமியும் கொடுத்தார்கள். முதியோர் பிரச்சினை என்றாலே பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட பெற்றோரின் தனிமை என்றுதான் பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்தத் தனிமைக்குத் துணையாய்ப் போனவளின் வீட்டை அவை எட்டிப்பார்ப்பதில்லை.

1995 ஆகஸ்ட் 15இல் மத்திய அரசு தேசிய முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தது. 65 வயதானவருக்குத் தலைக்கு 75 ரூபாய். 2001இல் உச்ச நீதிமன்றம், உணவு உரிமைக்காக மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில், இந்தப் பணத்தை ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2007இல் 'ஆதரவற்ற' என்பதை எடுத்துவிட்டு வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று மாற்றினார்கள். சொல் போனது, பட்டியல் வந்தது. பட்டியலில் பெயர் சேர்க்க யார் பின்னால் நடக்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும், நடக்க வேண்டும் என்பது மாறாது. 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு அன்றைக்கு 200 ரூபாய், அதற்குப் பிறகு அதை உயர்த்தவே இல்லை. தமிழ்நாடு தன் பங்கைக் கூட்டியே வந்திருக்கிறது. 2011இல் மொத்தத் தொகை 500இலிருந்து 1000 ஆனது, 2023இல் 1200.

அதே 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் வந்தது. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதச் சிறை வரை தண்டனை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு விரட்டிய பிள்ளைகளுக்கு இது வேண்டியதுதான். எழுதிக்கொடுக்க எதுவும் இல்லாதவளின் மகன்மேல் ஆர்.டி.ஓ. ஆபீசில் வழக்குப் போட்டு என்ன ஆகும்? அவனுக்கு அன்றைக்கு ஒரு நாள் கூலி போகும். 1962இன் ஆண் வாரிசு விதியில் இருந்த அதே எண்ணம்தான் இந்தச் சட்டத்திலும் இருக்கிறது. முதுமை குடும்பத்தின் கடமை, குடும்பம் தவறினால் தண்டனை. குடும்பத்துக்கு என்ன கொடுத்தோம் என்ற கேள்வி இல்லை.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2006க்குப் பிறகு நூறு நாள் வேலை வந்தபோது, வயலில் யாரும் கூப்பிடாத வயதான பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏரிக்கரைக்கு வந்தார்கள். சொந்தப் பெயரில் அட்டையும் பாங்குக் கணக்கும் அவர்களில் பலருக்கு அப்போதுதான் முதல்முறை கிடைத்தது. 2021 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவந்தது, படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும் என்றது. தெருத் தெருவாகப் போகிற பெண்களுக்குத் 'தன்னார்வலர்' என்று பெயர், சம்பளத்துக்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர். பார்த்துக்கொள்கிற வேலையைச் சம்பள வேலையாக ஒப்புக்கொள்ள அரசாங்கத்துக்கு இன்னும் கூச்சம். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்துக் குழுக்களாகப் பரவி, 2008இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்றே மாதம் 600 ரூபாய் தருகிற 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டமும் அங்கே வந்தது. தொகை குறைவு, மாதக்கணக்கில் பாக்கி வைக்கிறார்கள் என்ற புகாரும் உண்டு. ஆனால் மனுவில் அவளுக்கென்று ஒரு பெயர் எழுதும் இடம் இருக்கிறது. நம் ஊரில் முதியோர் பென்சனுக்குப் போராடுகிற தோழர்கள் தொகையை உயர்த்தக் கேட்கும்போதே இதையும் கேட்க வேண்டும். கிராம சபையில் தீர்மானமாகப் போடலாம்: எங்கள் தெருவில் படுக்கையில் கிடப்பவர்கள் இத்தனை பேர், அவர்களுக்காக வேலைக்குப் போகாமல் இருக்கும் பெண்கள் இத்தனை பேர். இந்த எண்ணிக்கையை எடுக்கத் தாசில்தார் வர வேண்டியதில்லை. நாமே நோட்டுப் போட்டு எழுதலாம்.

முன்பு மணியார்டர் வரும். தபால்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டாலும் வாசலில் வந்து கொடுத்தார், சேரிக்குள் வர மனமில்லாதவர் முனையில் நின்று ஆளனுப்பினார். இப்போது பணம் பாங்கில் ஏறுகிறது. கைரேகை வைக்கிற சின்ன மெஷினோடு ஒருவர் வருவார், அல்லது அவர் இருக்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும். ஐம்பது வருஷம் நாற்றுப் பறித்து, நட்டு, களை பிடுங்கின விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? போன தை மாதம் எங்கள் தெருக் கிழவி ஒருத்திக்கு மூன்று தடவையும் மெஷின் ஏற்கவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துப் பார்த்தார்கள், ஈரத்துணியில் துடைத்துப் பார்த்தார்கள். "நாளைக்கு மெயின் பிராஞ்சுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் அந்தப் பையன், மரியாதையாகத்தான். கூட்டிக்கொண்டு வந்திருந்தவள் மகளும் இல்லை, மருமகளும் இல்லை, எதிர் வீட்டுக்காரி. கிழவியை மறுநாளும் ஆட்டோவில் ஏற்றி எட்டு மைல் கூட்டிப்போனாள். அந்த இரண்டு நாளும் அவளுக்குக் களையெடுப்பு இருந்தது. வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.